பாஸ்வேர்டு சரிதான்... குக்கீதான் கோளாறு!

பாஸ்வேர்டு சரியாகத்தான் அடித்தீர்கள். ஓடிபி வந்தது, அதையும் போட்டாயிற்று. பக்கம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி அதே லாகின் பக்கத்தில் வந்து நிற்கிறது. என்ன தப்பு என்று ஒரு வரிகூட இல்லை. திரும்ப பாஸ்வேர்டு, திரும்ப ஓடிபி, திரும்ப அதே பக்கம். நாலைந்து முறை இப்படிப் போனால் கணக்கையே சில மணி நேரத்துக்குப் பூட்டிவிடும் தளங்களும் உண்டு. பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிவு செய்யும் மாணவி, தேர்வாணைய விண்ணப்பத்தின் கடைசி நாளில் உட்கார்ந்திருக்கும் பட்டதாரி, வருமான வரிக் கணக்கோடு மல்லுக்கட்டுகிறவர் என்று எல்லோரும் ஒருமுறையாவது இந்தச் சுழலில் சிக்கியிருப்பார்கள்.

அப்போது பெரும்பாலானோர் முதலில் தங்களைத்தான் சந்தேகிக்கிறார்கள். ‘பாஸ்வேர்டை மறந்துட்டேன் போல’ என்று அதை மாற்றுகிறார்கள். புது பாஸ்வேர்டிலும் அதே கதை. உதவி எண்ணுக்கு போன் போட்டால் மனப்பாடமாக ஒரு பதில் வரும்: “ஹிஸ்டரி, கேஷ் எல்லாத்தையும் கிளியர் பண்ணிட்டு ட்ரை பண்ணுங்க சார்.” செய்தால் பல நேரம் சரியாகிவிடுவது உண்மை. ஆனால் அந்த ஒரு தளத்துக்காக மெயில், வங்கி, கடை என்று மற்ற எல்லாத் தளங்களிலிருந்தும் சேர்ந்தே வெளியே வந்துவிடுவீர்கள். அழிக்க வேண்டியவற்றின் பட்டியலில் ஒரு டிக் தவறாக விழுந்தால், சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளும் போய்ச் சேரும். இந்த ஆலோசனையைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வதை நிறுத்த வேண்டும். நீக்க வேண்டியது அந்த ஒரு தளத்தின் குக்கீயை மட்டும்தான். அதற்கு ஒரு நிமிடம் போதும்.

நினைவில்லாத வலை

பிரவுசருக்கும் சர்வருக்கும் இடையே பேச்சு நடத்தும் எச்டிடிபி என்ற விதிமுறைக்கு நினைவு கிடையாது. ஒரு பக்கம் கேட்டீர்கள், கொடுத்தது, அத்தோடு மறந்தது. அடுத்த பக்கத்தைக் கேட்கும்போது நீங்கள் அதற்குப் புது ஆள். 1994-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் வேலை பார்த்த லூ மான்டுல்லி இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். எம்சிஐ என்ற தொலைபேசி நிறுவனம் இணையத்தில் கடை போட நினைத்தது. வாடிக்கையாளர் பாதியில் விட்டுப்போன கணக்கையெல்லாம் தன் சர்வரில் வைத்துக்கொள்ள அது விரும்பவில்லை. அப்படியானால் அந்தக் குறிப்பை வாடிக்கையாளரின் பிரவுசரிடமே கொடுத்து வைக்கலாம் என்பதுதான் மான்டுல்லியின் யோசனை. அந்தக் குறிப்புதான் குக்கீ.

கோயில் வாசலில் செருப்பை விட்டால் ஒரு டோக்கன் தருகிறார்களே, அதேதான். டோக்கனில் உங்கள் பெயரும் இல்லை, ஊரும் இல்லை. எண் மட்டும் இருக்கும். அதைக் காட்டினால் எது உங்களுடையது என்று கடைக்காரருக்குத் தெரியும். நீங்கள் லாகின் செய்ததும் சர்வர் ஒரு நீளமான, படித்தால் பொருள் புரியாத எழுத்துச் சரத்தைத் தருகிறது. அதன்பின் நீங்கள் திறக்கும் ஒவ்வொரு பக்கத்துக்கும் பிரவுசர் அந்தச் சரத்தைக் கூடவே அனுப்புகிறது. ஒழுங்காகக் கட்டிய தளமென்றால் பாஸ்வேர்டு அதற்குள் இருக்காது.

அந்தக் குறிப்பைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே கொஞ்சம்தான் இருக்கிறது. ஒரு பெயர், ஒரு மதிப்பு, எந்தத் தளத்துக்கு உரியது, தளத்தின் எந்தப் பகுதிக்குச் செல்லும், எப்போது காலாவதி, பாதுகாப்பான இணைப்பில் மட்டும்தான் போக வேண்டுமா, வேறு தளத்திலிருந்து வரும்போதும் அனுப்பலாமா. எல்லாம் சேர்த்து 4,096 பைட் அளவுக்குள் அடங்கிவிடும். இந்தச் சின்னக் குறிப்பில் ஒரு வரி பிசகினாலும் நீங்கள் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான்.

எங்கே பிசகுகிறது?

முதலாவது, பழைய குக்கீ. போன மாதம் நுழைந்தபோது கொடுத்ததை சர்வர் எப்போதோ மறந்துவிட்டது. உங்கள் பிரவுசர் மறக்கவில்லை, அதையே நீட்டிக்கொண்டிருக்கிறது. நல்ல தளம் அதை ஒதுக்கிவிட்டுப் புதிது தரும். மோசமான தளமோ லாகின் பக்கத்துக்கு அனுப்பும். அங்கே குக்கீயைப் பார்த்து ‘ஏற்கெனவே உள்ளே இருப்பவர்’ என்று முகப்புக்கு அனுப்பும். முகப்பு மறுபடி லாகின் பக்கத்துக்குத் துரத்தும். சில சுற்றுக்குப் பிறகு பிரவுசரே அலுத்துப்போய், இந்தத் தளம் அளவுக்கு மீறித் திருப்பி அனுப்புகிறது என்று அறிவித்துவிடும். குக்கீயை நீக்கிப் பாருங்கள் என்று குரோம் அந்த இடத்திலேயே யோசனையும் சொல்லும். அது ஆங்கிலத்தில் சிறிய எழுத்தில் இருப்பதால் பலர் கவனிப்பதில்லை.

இரண்டாவது, ஒரே பெயரில் இரண்டு குக்கீ. முகவரியின் தொடக்கத்தில் மூன்று டபிள்யூ போட்டு ஒருமுறையும் போடாமல் ஒருமுறையும் அதே தளத்துக்குப் போயிருப்பீர்கள். அல்லது தளத்தைப் புதுப்பித்தவர்கள் குக்கீயின் எல்லையை மாற்றியிருப்பார்கள். இப்போது பழையதும் புதியதும் இரண்டுமே கிளம்பும். எது முன்னால் போக வேண்டும் என்பதற்கு 2011-ல் வெளியான இணைய நெறிமுறையே ஒரு வரிசை சொல்கிறது: இரண்டும் தளத்தின் ஒரே பகுதிக்கு உரியவை என்றால், முதலில் உருவானது முன்னால் போகும். அதாவது பழையது. வரிசையை நம்பக் கூடாது என்றும் அதே நெறிமுறை சர்வர் எழுதுகிறவர்களுக்குச் சொல்கிறது. ஆனாலும் முன்னால் நிற்பதை எடுத்துக்கொண்டு பின்னால் இருப்பதைப் பார்க்காத சர்வர்கள் இருக்கின்றன. நீங்கள் எத்தனை முறை புதிதாக நுழைந்தாலும் காலாவதியானதையே பார்த்து வெளியே தள்ளும். பாஸ்வேர்டை மாற்றினாலும் தீராத தலைவலிகளில் பல இந்த ரகம்.

குக்கீகள் சேர்ந்து பெருத்துப்போவதும் உண்டு. என்ஜின்எக்ஸ் என்ற பிரபலமான சர்வர் மென்பொருள், தலைப்புப் பகுதியில் ஒரு வரிக்கு வழக்கமாக 8 கிலோபைட் வரைதான் இடம் தருகிறது. அதைத் தாண்டினால் 400 என்ற எண்ணோடு பிழை காட்டும். கணினியின் தேதி பல நாள் முன்னே ஓடிக்கொண்டிருந்தாலும் வந்த குக்கீ வந்தவுடனே காலாவதியாகலாம். சில பிரவுசர்கள் சர்வரின் நேரத்தைப் பார்த்துச் சமாளித்துக்கொள்ளும். எல்லாவற்றையும் நம்ப முடியாது. மற்ற எதையும் தொடுமுன் தேதியையும் நேரத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நெட் சென்டரில் நடப்பது

தமிழ்நாட்டில் விண்ணப்பக் காலத்தில் பெரும்பாலான குழப்பம் நடப்பது வீட்டுக் கணினியில் அல்ல, நெட் சென்டரிலும் இ-சேவை மையத்திலும்தான். ஒரு கணினி, வரிசையில் பத்துப் பேர். ஒருவரின் விண்ணப்பம் சான்றிதழ் பதிவேற்றத்தில் நிற்கிறது. அவர் ஜெராக்ஸ் எடுக்கப் போயிருக்கிறார். நேரத்தை வீணாக்காமல் அடுத்தவருக்கு அதே பிரவுசரில் இன்னொரு டேப் திறந்து அதே தளத்தில் லாகின் செய்கிறார்கள். பார்வைக்கு இரண்டு டேப், இரண்டு ஆள். பிரவுசருக்கோ அந்தத் தளத்தைப் பொறுத்தவரை ஒரே குக்கீப் பெட்டிதான். இரண்டாமவர் நுழைந்ததும் முதலாமவரின் குக்கீ மேலெழுதப்படுகிறது. முதலாமவர் திரும்பி வந்து ‘சேவ்’ அழுத்துகிறார். திரையில் அவர் பெயர் இருக்கிறது. ஆனால் கிளம்பிப் போவது இரண்டாமவரின் குக்கீ. தளம் உஷாராக இருந்தால் பக்கம் காலாவதியாகிவிட்டது என்று தடுக்கும். இல்லையென்றால் ஒருவரின் மதிப்பெண் இன்னொருவரின் கணக்கில் பதிவாகும் அபாயம் நிஜமாகவே இருக்கிறது.

இன்காக்னிட்டோ ஜன்னல் திறந்தால் தப்பிக்கலாம் என்று நினைக்கிறார்கள். பாதிதான் சரி. ஒருவர் சாதாரண ஜன்னலிலும் ஒருவர் இன்காக்னிட்டோவிலும் இருந்தால் கலக்காது. குரோமில் இரண்டு இன்காக்னிட்டோ ஜன்னல் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் இரண்டுக்கும் குக்கீப் பெட்டி ஒன்றே. சென்டர் நடத்துகிறவர்கள் செய்யக்கூடிய சரியான காரியம், குரோமிலோ எட்ஜிலோ தனித்தனி புரொஃபைல் உருவாக்கி வைப்பது. புரொஃபைலுக்கு ஒரு குக்கீப் பெட்டி. அது கைவராவிட்டால் ஒருவருக்கு குரோம், இன்னொருவருக்கு ஃபயர்ஃபாக்ஸ் என்று பிரித்துவிடலாம். ஒரு பிரவுசரின் குக்கீ மற்றதற்குத் தெரியவே தெரியாது.

போனிலும் இதே விஷயம் வேறு வேடத்தில் வரும். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்ற செயலிகளுக்குள் ஒரு லிங்க்கைத் தொட்டால், அந்தச் செயலி தனக்குள்ளேயே ஒரு குட்டி பிரவுசரில் திறக்கும். குரோமில் நீங்கள் ஏற்கெனவே லாகின் செய்திருப்பது அதற்குத் தெரியாது. கூகுள் கணக்கை வைத்து நுழையும் வசதியை இப்படிப்பட்ட உட்பிரவுசர்களில் கூகுளே 2017-லிருந்து தடுத்துவிட்டது. மேலே உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு, வெளி பிரவுசரில் திறக்கச் சொல்லிவிட்டால் பாதிப் பிரச்னை தீரும்.

பணம் போனது, பக்கம் போனது

எல்லாவற்றிலும் வயிற்றைக் கலக்குவது இதுதான். அரை மணி நேரம் படிவம் நிரப்பி, கட்டணம் கட்ட வங்கிப் பக்கத்துக்குப் போகிறீர்கள். பணம் பிடித்தாயிற்று என்று எஸ்எம்எஸ் வருகிறது. திரும்பி வந்தால் தளம் உங்களை யாரென்றே தெரியாதது போல் லாகின் கேட்கிறது.

குக்கீ எப்போதெல்லாம் போகலாம் என்ற விதியை குரோம் 2020 பிப்ரவரியில், 80-ஆம் பதிப்போடு மாற்றத் தொடங்கியது. கோவிட் நேரத்தில் அத்தியாவசியத் தளங்கள் தடுமாறக் கூடாதென்று ஏப்ரலில் நிறுத்திவைத்து, ஜூலையில் மறுபடி கொண்டுவந்தது. புது விதிப்படி, தளம் வெளிப்படையாக அனுமதி எழுதாத குக்கீயை, வேறொரு தளம் படிவம் போல் அனுப்பும் கோரிக்கையோடு குரோம் சேர்த்து அனுப்பாது. பல பேமென்ட் கேட்வேக்கள் பணம் கட்டி முடித்ததும் உங்களை அப்படித்தான் திருப்பி அனுப்புகின்றன. குக்கீ உருவாகி இரண்டு நிமிடத்துக்குள் என்றால் குரோம் விட்டுக்கொடுக்கும். அரை மணி நேரம் படிவம் நிரப்பியவருக்கு அந்தச் சலுகை இல்லை. விதி நல்லதற்குத்தான்: உங்கள் பெயரில் வேறு தளம் காரியம் பண்ணுவதை அது தடுக்கிறது. தங்கள் குக்கீயில் அந்த அனுமதியைச் சேர்த்து, திரும்பி வரும் வழியைச் சோதித்துப் பார்க்காத தளங்கள்தான் குற்றவாளிகள்.

இப்படி நேர்ந்தால் மறுபடி பணம் கட்டாதீர்கள். புதிதாக லாகின் செய்து, கட்டண நிலை என்ற பகுதியை முதலில் பாருங்கள். பணம் போன விவரத்தை வங்கி தளத்தின் சர்வருக்கு நேரடியாகவும் சொல்லும் ஏற்பாடு பெரும்பாலும் இருக்கும். சற்று நேரத்தில் பதிவாகிவிட வாய்ப்பு உண்டு. எஸ்எம்எஸ்ஸில் உள்ள பரிவர்த்தனை எண்ணை அழித்துவிட வேண்டாம்.

ஒரு பிரவுசரில் வருகிறது, இன்னொன்றில் வரவில்லை

இதற்குக் காரணம், பிரவுசர்களுக்குள் பத்தாண்டாக நடந்துவரும் இழுபறி. நீங்கள் பார்க்கும் தளம் வைப்பது ஒரு குக்கீ. அந்தப் பக்கத்துக்குள் விளம்பரமாகவோ பொத்தானாகவோ ஒட்டிக்கொண்டிருக்கும் வேறு நிறுவனம் வைப்பது மூன்றாம் தரப்புக் குக்கீ. ஊர் ஊராக உங்கள் பின்னால் வருவது இந்த இரண்டாவது வகை. ஆப்பிளின் சஃபாரி 2017-ல் இதற்குக் கடிவாளம் போடத் தொடங்கி, 2020 மார்ச்சில் முழுவதும் அடைத்தது. ஃபயர்ஃபாக்ஸ் 2022-ல் ஒவ்வொரு தளத்துக்கும் தனிப் பெட்டி என்று எல்லோருக்கும் பிரித்துவிட்டது. இரண்டே ஆண்டில் ஒழித்துவிடுகிறோம் என்று 2020 ஜனவரியில் சொன்ன கூகுள், 2024 தொடக்கத்தில் நூற்றில் ஒரு பயனாளரிடம் மட்டும் சோதித்து, அதே ஜூலையில் பின்வாங்கியது. விளம்பரத்தில் பிழைக்கிற நிறுவனத்திடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

உங்களுக்கு இதில் என்ன சம்பந்தம் என்றால், சில தளங்களில் லாகின் வேலையை வேறொரு முகவரி செய்கிறது. பக்கத்துக்குள் ஒரு பெட்டியாக அது திறக்கும்போது, அதன் குக்கீ சஃபாரிக்கு மூன்றாம் தரப்பாகத் தெரியும், அடைத்துவிடும். அதனால்தான் அதே தளம் குரோமில் திறக்கிறது, ஐபோனில் முரண்டுபிடிக்கிறது. ஐபோனில் வேறு பிரவுசர் போட்டாலும் இந்த முரண்டு பெரும்பாலும் தீராது. அங்கே ஏறக்குறைய எல்லா பிரவுசருக்கும் அடியில் ஓடுவது ஆப்பிளின் எந்திரம்தான்.

சரி, என்ன செய்வது?

முதலில் நோய் எதுவென்று பாருங்கள். இன்காக்னிட்டோ ஜன்னலில் அதே தளத்தைத் திறந்து லாகின் செய்யுங்கள். உள்ளே போய்விட்டால், கோளாறு வழக்கமான ஜன்னலில் கிடக்கும் குக்கீயிலோ, நீங்கள் சேர்த்துள்ள எக்ஸ்டென்ஷன் ஏதாவதிலோ இருக்கிறது. அங்கேயும் போகவில்லையென்றால் கோளாறு பெரும்பாலும் அவர்கள் பக்கம். குக்கீயை அழித்துப் பயனில்லை.

நீக்குமுன் ஒரு எச்சரிக்கை. இதை யாரும் சொல்வதில்லை. குக்கீ போனால் மறுபடி நுழைய ஓடிபி வேண்டும். அந்தக் கணக்கில் பதிந்துள்ளது கையில் இல்லாத பழைய போன் நம்பர் என்றால், நீக்கிய நிமிடமே கணக்கு கைநழுவிவிடும். ஏதாவது ஒரு கருவியில் இன்னும் லாகின் நிலையில் இருந்தால், அங்கே போய் நம்பரை மாற்றிவிட்டுப் பிறகு இங்கே நீக்குங்கள்.

குரோமில், தளம் திறந்திருக்கும்போதே முகவரிக்கு இடப்பக்கம் உள்ள சின்னத்தைத் தொடுங்கள். முன்பு பூட்டு இருந்த இடத்தில் இப்போது இரண்டு கோடும் வட்டமுமாக ஒரு சின்னம் இருக்கும். அதில் ‘குக்கீஸ் அண்ட் சைட் டேட்டா’ என்ற வரிக்குள் போனால் அந்தத் தளத்தின் பெயரும் பக்கத்தில் குப்பைத்தொட்டியும் தெரியும். கணினி, ஆண்ட்ராய்டு போன் இரண்டிலும் வழி ஏறக்குறைய இதுதான். எட்ஜும் குரோமின் அதே அடித்தளத்தில் கட்டியது என்பதால் அங்கேயும் முகவரிக்குப் பக்கத்துப் பூட்டிலிருந்தே தொடங்கலாம். ஃபயர்ஃபாக்ஸ்தான் இதில் சுலபம்: பூட்டைத் தொட்டால் ‘கிளியர் குக்கீஸ் அண்ட் சைட் டேட்டா’ என்று நேராகவே எழுதியிருக்கும். தினமும் லாகின் போய்விடுகிறது என்று சொல்பவர்கள் ஃபயர்ஃபாக்ஸ் செட்டிங்ஸில், மூடும்போதெல்லாம் குக்கீயை அழிக்கும் பெட்டியில் டிக் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஐபோனில் வழி சஃபாரிக்குள் இல்லை. போனின் செட்டிங்ஸில் சஃபாரி பகுதிக்குப் போய் (புதிய ஐஓஎஸ்ஸில் அது ‘ஆப்ஸ்’ பட்டியலுக்குள் இருக்கிறது), கடைசியில் ‘அட்வான்ஸ்டு’, அதற்குள் ‘வெப்சைட் டேட்டா’. தளத்தைத் தேடி இடப்புறம் தள்ளினால் நீக்கலாம். வழியில் ‘கிளியர் ஹிஸ்டரி அண்ட் வெப்சைட் டேட்டா’ என்று நீல எழுத்தில் கண்ணில் படும். அது எல்லாவற்றையும் துடைப்பது, தொட வேண்டாம். பக்கத்துக்குள் பெட்டியாகத் திறக்கும் லாகின் மட்டும் வேலை செய்யவில்லையென்றால், ‘பிரிவென்ட் கிராஸ்-சைட் டிராக்கிங்’ என்பதைத் தற்காலிகமாக நிறுத்தி வேலையை முடித்துவிட்டு மறக்காமல் திரும்பப் போட்டுவிடுங்கள்.

நீக்கியதும் அந்தத் தளத்தின் டேப்களை எல்லாம் மூடிவிட்டு, முகவரியைப் புதிதாக அடித்து உள்ளே போங்கள். லாகின் பக்கத்தின் நடுவழியில் எடுத்துவைத்த புக்மார்க் வழியாகப் போனால் பழைய வில்லங்கம் கூடவே வரலாம். கேஷ் என்பது படங்களும் பக்க வடிவமும் கிடக்கும் இடம். லாகின் கோளாறுக்கு அதைத் துடைத்து ஆகப்போவது பெரும்பாலும் ஒன்றுமில்லை.

பொதுக் கணினியில் வேலை முடிந்ததும் டேப்பை மூடினால் மட்டும் போதாது. லாக் அவுட் அழுத்த வேண்டும். குக்கீ யார் கையில் இருக்கிறதோ அவரே நீங்கள். 2010-ல் எரிக் பட்லர் வெளியிட்ட ஃபயர்ஷீப் என்ற சின்ன நிரல், பொது வைஃபையில் பக்கத்தில் இருப்பவரின் குக்கீயை எடுத்து அவர் கணக்குக்குள் நுழைந்துவிடலாம் என்று காட்டியது. 2023 மார்ச்சில் லைனஸ் டெக் டிப்ஸ் என்ற பெரிய யூடியூப் சேனல் பறிபோனதும் இப்படித்தான். மின்னஞ்சலில் வந்த இணைப்பைத் திறந்த கணினியிலிருந்து குக்கீ திருடப்பட்டது. பாஸ்வேர்டும் ஓடிபியும் தேவையே படவில்லை.

இத்தனையையும் பயனாளர் தலையில் கட்டுவது நியாயமில்லை என்பது என் கருத்து. ஒரு தளம் தான் வைத்த குக்கீயைத் தானே அழிக்க முடியும். காலாவதி தேதியைப் பின்னுக்குத் தள்ளி அனுப்பினால் பிரவுசர் அதை நீக்கிவிடும். தளத்தின் எல்லாத் தரவையும் துடைக்கச் சொல்லும் கட்டளையும் இன்றைய பிரவுசர்களில் உண்டு. அரசுத் தளங்களையும் தேர்வுத் தளங்களையும் கட்டுகிறவர்களிடம் கேட்பது இவ்வளவுதான்: ஒருவர் உள்ளே போக முடியாமல் சுற்றிக்கொண்டிருந்தால், ‘உங்கள் பழைய குக்கீ காலாவதியாகிவிட்டது’ என்று தமிழில் ஒரு வரி எழுதி, அதை நீக்க அங்கேயே ஒரு பொத்தான் வையுங்கள். பணம் கட்டித் திரும்பும் வழியை குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றிலும் அரை மணி நேரம் காத்திருந்து சோதியுங்கள். விண்ணப்பம் திறக்கும் நாளுக்கு முன்பே இதைச் செய்யுங்கள்.